ஒரே முகவரி, இரண்டு பக்கம்

சாய்ந்தமருது
14.01.2024

அன்புள்ள நிப்றாஸ் காக்காவுக்குத் தங்கச்சி முனவ்வறா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் இவரும் மகளும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். உம்மாவுக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டது. மருந்தைத் தலையணைக்குள் ஒளித்துவிட்டு "குடிச்சிட்டன் புள்ள" என்கிறா. உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

இங்கே மழை விட்டபாடில்லை. ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். இவருடைய ஓட்டோ நாலு நாளாக வீட்டில் நிற்கிறது, இவரும் அதோடு சேர்ந்து நிற்கிறார். நீங்கள் கட்டித் தந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுக்கில்லை என்று உம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறா.

உங்கள் கம்பனியில் போனை வாசலிலேயே வாங்கி வைப்பார்கள், வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் கதைக்கலாம், அதுவும் ஸ்பீக்கரில்தான் என்றீர்கள். இது ஸ்பீக்கரில் கதைக்கிற விஷயமில்லை. அதுதான் லீவு முடிந்து வருகிற ஹாஜறா மாமியின் மகன் கையில் கடிதம் கொடுத்து விடுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் உங்களைக் காண்பானாம்.

ஊராருக்குப் படிவம் நிரப்பி ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிற என் கடைக் கொம்பியூட்டரில் ஏதோ கோளாறு. போன கிழமை அச்சிமுகம்மது மாமா தன் மகன் றவூபைக் கூட்டிக்கொண்டு வந்தார், வெளிநாட்டு வேலைப் பதிவுப் பக்கத்தைப் பார்க்க. நான் திறந்து காட்டினேன். அஜ்மானில் கொம்பியூட்டர் வேலை, ஆண்கள், ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று மேலே ஒரு வரி. றவூப் தன் போனில் அதே முகவரியைத் தட்டினான். எழுத்துக்கு எழுத்து அதே முகவரி, காக்கா. அதில் அந்த வரி இல்லை. "புள்ள, இஞ்ச ஒரு மாதிரி இரிக்கி, இதுல ஒரு மாதிரி இரிக்கி" என்றார் மாமா. பிறகு அவரே, "போன் சின்னத்தானே, எல்லாத்தையும் காட்டாது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். றவூப் கடைத் திரையை நம்பி விண்ணப்பம் போட்டுவிட்டான். எனக்குத்தான் மனது ஒருமாதிரி.

என்னுடைய கொப்பியில் ஊரில் தொண்ணூறு பேருக்கு மேல் பாஸ்வேட் எழுதி வைத்திருக்கிறேன். "நீயே வெச்சிரு புள்ள, எங்களுக்கு ஞாபகம் நிக்காது" என்று தந்தது. எல்லாம் இந்தக் கொம்பியூட்டரில்தான் தட்டுகிறேன். நம்பி ஒப்படைத்த அமானிதம் இது, பயமாக இருக்கிறது.

நொவம்பரில் பார்சலில் நிடோ பால்மாவோடும் சென்ட் போத்தலோடும் நீங்கள் அனுப்பிய பென் டிரைவில் இருந்த 'ஹோம் ஹெல்ப்'பை அன்றே போட்டேன். அது இருந்தால் அங்கிருந்தே என் கொம்பியூட்டரைச் சரிபார்ப்பேன் என்றீர்களே, ஒருக்கால் பாருங்களேன். றவூபின் வேலை உண்மையா பொய்யா என்றும் எழுதுங்கள்.

துஆவுடன்,
முனவ்வறா


அஜ்மான்
02.02.2024

தங்கச்சி முனவ்வறாவுக்கு வ அலைக்குமுஸ்ஸலாம்.

நான் நல்ல சுகம். உம்மாவின் மருந்தைத் தேத்தண்ணியில் கரைத்துக் கொடு, தலையணைக்குத் தேத்தண்ணி குடிக்கத் தெரியாது.

உன் கொம்பியூட்டருக்குச் சின்னக் காய்ச்சல், பதறாதே. விஷயம் இதுதான். நாங்கள் ஒரு பெயரைத் தட்டினால் கொம்பியூட்டர் முதலில் வேறொரு மெஷினிடம் "இந்த வீடு எங்கே?" என்று கேட்கும். அது ஓர் இலக்கம் சொல்லும், அங்கே போகும். அந்த வழிகாட்டிக்கு டீஎன்எஸ் என்று பெயர். கல்முனைச் சந்தியில் நிற்கிற ஆளிடம் வழி கேட்பது போலத்தான். அந்த ஆளை யாராவது மாற்றி நிறுத்திவிட்டால், அதே பெயர்ப் பலகை, அதே வாசல் நிறம், ஆனால் வேறு வீட்டுக்குப் போய்ச் சேருவாய். உனக்குத் தெரியவே தெரியாது.

நெட்வேர்க் செட்டிங்சைத் திற. வழிகாட்டியின் இலக்கம் 'தானாக' என்று இருக்க வேண்டும். யாரோ இலக்கத்தைக் கையால் எழுதியிருந்தால் அழித்துவிடு. ப்ரொக்ஸி என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மூடு. ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு, அதில் நீ அறியாத பெயர்கள் இருந்தால் வெட்டு. பிரவுசரில் நீ போடாத சேர்மானங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் கழற்று. கடைசியாக வைரஸ் பார்க்கிற புரோகிராமை ஓட விடு. இவ்வளவுதான் வேலை.

வெளியாள் யாருக்கும் காட்டாதே. பாண்டிருப்புக் கிருஷாந்தன் திறமான ரிப்பெயர்காரன்தான், என்றாலும் வேண்டாம். கடையின் பெயர் கெடும்.

மகளுக்கு முத்தம். காக்காவைப் பொருந்திக்கொள்.

நிப்றாஸ்


சாய்ந்தமருது
19.02.2024

அன்புள்ள காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகம். தேத்தண்ணி வித்தை பலித்தது. ஆனால் "இந்தத் தேயில கசக்கி" என்று உம்மா கடைக்காரனுக்கு ஏசிக்கொண்டிருக்கிறா.

கடிதத்தின் முடிவில் பொருந்திக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பயணம் போகிறவர்கள் வீடு வீடாக ஏறி, "செஞ்ச பிழையப் பொறுத்துக்கங்க, என்னப் பொருந்திக்கங்க" என்று கேட்கிற சொல் அல்லவா? நீங்கள் போய் மூன்று வருஷம். இப்ப எங்கே பயணம், ஹஜ்ஜுக்கா? எனக்குத் தெரியாமல் போனால் ஸம்ஸம் தண்ணீர் இல்லாமல் வீட்டுப் படி ஏறக் கூடாது, சொல்லிப்போட்டேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். வழிகாட்டி இடத்தில் யாரோ ஓர் இலக்கம் எழுதி வைத்திருந்தார்கள். தனித் தாளில் கொப்பி பண்ணி இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். ப்ரொக்ஸியும் திறந்து கிடந்தது. எல்லாவற்றையும் அழித்து மூடி, வைரஸும் பார்த்தேன், ஒன்றுமில்லை என்றது. அன்று பின்னேரம் கொம்பியூட்டரும் போனும் ஒரே பக்கத்தைக் காட்டின. சந்தோஷத்தில் இவருக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் காலை கடை திறந்து கொம்பியூட்டரைப் போட்டால், அதே இலக்கம் அதே இடத்தில் குந்திக்கொண்டிருக்கிறது! மறுகாவும் அழித்தேன். மறுநாளும் வந்தது. ஆறு நாள் அழித்தேன், ஆறு நாளும் வந்தது. கடைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. "ஜின்னுக்கு இன்டநெட் எதுக்குகா?" என்று இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாக இருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். உங்கள் ஹோம் ஹெல்ப் மட்டும் மூலையில் பச்சை வீட்டுப் படத்தோடு இருக்கிறது. அது நீங்கள் தந்தது, அதில் கை வைக்கவில்லை.

றவூபின் வேலையைப் பற்றிக் கேட்டேனே, பதில் இல்லையே? அவனுக்கு வேலை ஓடர் வந்து டிக்கட்டும் வந்துவிட்டது. அதைப் பார்த்த நாள் முதல் இவருக்கும் ஆசை. நேற்றுக் கடையில் வந்திருந்து தானும் விண்ணப்பம் போட்டார். "மச்சானும் அங்கதானே இரிக்காரு" என்கிறார்.

முனவ்வறா


அஜ்மான்
08.03.2024

தங்கச்சிக்கு ஸலாம்.

சுகம். பிந்திவிட்டது, வேலை கூட.

ரௌட்டரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை ஊசியால் பத்து விநாடி அழுத்து, எல்லாம் புதிதாகும். பிறகு பாஸ்வேட்டை மாற்று.

அந்த இலக்கத்தை இனிமேல் தாளில் எழுதாதே. நீ அனுப்பிய தாளைக் கிழித்துவிட்டேன்.

மச்சான் அந்த வேலைக்கு வர வேண்டாம். ஓட்டோ ஓடட்டும், வீட்டில் இருக்கட்டும். காரணம் கேட்காதே, காக்கா சொல்கிறேன்.

நோன்பு வருகிறது. எனக்காகத் துஆச் செய். பொருந்திக்கொள்.

நிப்றாஸ்


சாய்ந்தமருது
25.03.2024

அன்புள்ள காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு பிடித்து எல்லோரும் சுகமாக இருக்கிறோம். இஃப்தாருக்குக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் உம்மா உங்கள் பெயரைச் சொல்கிறா.

காக்கா, உங்கள் கடிதத்தால் வீட்டில் பெரிய முசீபத்து, ஒரே பிரச்சினை. மேசையில் வைத்திருந்தேன், இவர் எடுத்து வாசித்துவிட்டார். "வீட்டில் இருக்கட்டும்" என்ற இடத்தில் அப்படியே நின்றார். பிறகு என்னிடம், "வீடு கட்டித் தந்தவர்தானே, சொல்லுவாரு. உன்ட காக்காட வீட்டுல வந்து கிடக்கிறவன் எண்டு நெனச்சிட்டாரு" என்றார். இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருகிறார், எல்லா வீட்டிலும் அப்படித்தானே. ஆனாலும் மச்சான் வாயால் அது வந்தால் எந்த ஆம்பிளைக்கும் சுடும். அன்று நோன்பு திறந்தும் ஒரு கவளம் சாப்பிடவில்லை. ஒரு நல்ல காரணம் எழுதியிருக்கக் கூடாதா? உங்கள் மேல் எனக்குக் கோபம், மறைக்க மாட்டேன்.

முதல் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்று இரண்டாம் தரமும் போட்டார். இந்த முறை ஓடர் வந்துவிட்டது. பாஸ்போட் கொப்பி கேட்டார்கள், அனுப்பிவிட்டார்.

ரௌட்டரை ஊசியால் அழுத்தினேன். ஒன்று மட்டும் விளங்கியது. கொம்பியூட்டரை நிறுத்தி வைத்த நாளில் எல்லாப் போனிலும் பக்கம் சரியாக வந்தது. கொம்பியூட்டரைப் போட்டதும் அதில் மட்டும் பழைய கோலம். ஆகவே கள்ளன் ரௌட்டரில் இல்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கிறான். நான் சொல்வது சரிதானே?

அச்சிமுகம்மது மாமாவைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய அடையாள அட்டை இலக்கத்தில் யாரோ போன் சிம் எடுத்து, ஊர் ஊராக ஆட்களை ஏமாற்றியிருக்கிறார்களாம். பாவம், அறுபத்தேழு வயதில் பொலிஸ் வாங்கில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்திருக்கிறார். அந்த அட்டையை ஸ்கேன் பண்ணியது நான். என்னைக் கண்டால் இப்போதும் "சுகமா புள்ள" என்றுதான் கேட்கிறார். அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது. இப்போது ஆட்கள் என் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

றவூப் போய்ச் சேர்ந்துவிட்டான். கண்டீர்களா?

முனவ்வறா


அஜ்மான்
05.04.2024

தங்கச்சிக்கு ஸலாம்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அந்த எண்ணத்தில் எழுதவில்லை, அல்லாஹ் சாட்சி.

மச்சானுடைய பாஸ்போட்டை எடுத்து ஒளித்து வை. அலுமாரியில் வேண்டாம், வீட்டிலேயே வேண்டாம், ஹாஜறா மாமியிடம் கொடு. துலைந்துவிட்டது என்று சொல். பொய்தான், பாவத்தை நான் ஏற்கிறேன். கோபப்பட்டால் படட்டும், அடித்தாலும் அடிக்கட்டும், அவர் பிளேனில் ஏறக் கூடாது. பெருநாள் கழியட்டும், எல்லாம் விபரமாக எழுதுகிறேன்.

றவூபைக் கண்டேன். சுகம்.

பொருந்திக்கொள்.

நிப்றாஸ்


சாய்ந்தமருது
26.04.2024

காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. கொண்டுவந்தவர் கொழும்பில் பெருநாள் முடித்துவிட்டு ஆறுதலாக வந்தாராம். இவர் இருபதாம் திகதியே போய்விட்டார்.

போவதற்கு முந்தின நாள் வெள்ளைச் சட்டை உடுத்து வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னார். அச்சிமுகம்மது மாமா கட்டிப்பிடித்து, "மகனக் கண்டா வாப்பா தேடுற எண்டு சொல்லு மனே" என்று அழுதாராம். உம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டார், உம்மா பொருந்தினா. கடைசியில் என்னிடம் வந்தார். "புள்ள, கோவத்துல கனக்கச் சொல்லிட்டன். என்னப் பொருந்திக்க." நான் "பொருந்தினன், போயிட்டு வாங்க" என்றேன். மகள் அவர் தோளில் தூங்கிவிட்டாள், பிரித்தெடுக்கக் கஷ்டமாகிவிட்டது.

ஓடரில் போட்டிருந்த விலாசத்தை இன்று உங்கள் பார்சல் பெட்டியில் இருந்த விலாசத்தோடு பார்த்தேன். தெரு ஒன்று, கட்டடமும் ஒன்று. காக்கா, உங்கள் கம்பனிக்கா இவர் வந்திருக்கிறார்? அப்படியானால் நான் சந்தோஷப்பட வேண்டும். பாஸ்போட்டை ஒளித்து வை என்று எழுதியிருக்கிறீர்களே, நான் எப்படிச் சந்தோஷப்படுவது? என்ன விஷயம் என்று மனிசர் மாதிரி எழுதுங்கள்.

முனவ்வறா


அஜ்மான்
03.05.2024

தங்கச்சி முனவ்வறாவுக்கு.

மச்சான் சுகமாக வந்து சேர்ந்தார். நல்ல வேலை. நல்ல சாப்பாடு. எனக்கு எதிர் மேசை. கவலைப்பட ஒன்றுமில்லை. ஊரில் விருப்பமான ஆட்கள் இருந்தால் விண்ணப்பம் போடலாம்.

நிப்றாஸ்


சாய்ந்தமருது
17.05.2024

காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவும் மகளும் சுகம். நான் சுகமில்லை.

போன கடிதத்தில் நீங்கள் ஸலாம் எழுதவில்லை. ஓலெவல் தமிழ்ப் பாடத்தில் பரீட்சைக்கு எழுதிய கடிதத்திலும் ஸலாம் எழுதி மார்க்ஸ் இழந்த ஆள் நீங்கள். பக்கத்தில் யாரோ நின்றுகொண்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

உங்கள் பேச்சை மீறிக் கிருஷாந்தனைக் கூப்பிட்டேன். அவர் வயல் வேலைக்கு நடுவில், காலில் சேற்றோடு வந்தார். "அக்கா, நீங்க எல்லா இடத்தையும் சரியாத்தான் பாத்திருக்கிறீங்க. ஒரு இடத்தத்தான் பாக்கல்ல" என்றார். மூலையில் இருந்த பச்சை வீட்டைக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன், காக்கா. "அது என்ட காக்கா அனுப்பினது, அதுல ஒண்டும் இரிக்காது" என்றேன். அவர் எனக்குச் செய்து காட்டினார். செட்டிங்சைச் சரியாக்கி, பச்சை வீட்டை அப்படியே விட்டு, கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டார். இலக்கம் திரும்பி வந்தது. மறுகாவும் சரியாக்கி, பச்சை வீட்டைக் கழற்றிவிட்டு, நிறுத்திப் போட்டார். வரவில்லை. பத்துத் தரம் போட்டோம். வரவே இல்லை. ஒவ்வொரு காலையும் கொம்பியூட்டர் கண் விழிக்கிற நேரம் முதலில் எழும்பி, சந்தியில் நிற்கிற ஆளை மாற்றி வைத்தது அதுதான்.

"இதச் சாதாரண வைரஸ் எண்டு சொல்லேலா. ஆரோ நீங்க நம்புவீங்க எண்டு தெரிஞ்சுதான் இப்பிடிச் செஞ்சிரிக்காங்க" என்றார். காசு வாங்காமல் போய்விட்டார்.

இன்றோடு ஆறு நாள். இலக்கம் திரும்பவில்லை. ஆறு நாளும் நான் தூங்கவில்லை.

உங்களையும் யாரோ ஏமாற்றி அதை அனுப்ப வைத்தார்கள் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் நம்புவேன். நம்பத்தான் ஆசை. ஆனால் பெப்ரவரியிலிருந்து ப்ரொக்ஸியைப் பார், ஊசியால் அழுத்து, அதை வெட்டு, இதைக் கழற்று என்று எழுதினீர்களே. ஹோம் ஹெல்ப்பைக் கழற்று என்று ஒரு கடிதத்திலும் ஏன் எழுதவில்லை?

முனவ்வறா


அஜ்மான்
31.05.2024

தங்கச்சி முனவ்வறா, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைப் பள்ளிவாசலுக்குள், தொழுகை முடிந்து இருந்த கொஞ்ச நேரத்தில் எழுதுகிறேன். எங்களைக் கூட்டி வருகிற ஆள் வெளியே சிகரெட் குடிக்கிறான். மச்சான் எனக்கு முன்னால் மறைத்து உட்கார்ந்திருக்கிறார்.

முதல் இரண்டு வருஷம் நல்ல கம்பனிதான். போன வருஷம் கைமாறியது. புதிய ஆட்கள் பாஸ்போட்டை வாங்கினார்கள். ஆளுக்கொரு பென் டிரைவ் தந்து ஊருக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பாதவர்களை மொட்டைமாடியில் ஓர் அறையில் பூட்டினார்கள், வெயிலில். நான் அனுப்பினேன். முதல் கிழமை அது என்னவென்று எனக்குத் தெரியாது. இரண்டாம் கிழமை தெரியும். உன் முதல் கடிதம் வரும்போது எல்லாம் தெரியும்.

நீ தாளில் எழுதி அனுப்பிய இலக்கம், நான் காவல் இருக்கிற மெஷினின் இலக்கம். நீ கடை திறக்கிற நேரம் எனக்குத் தெரியும், என் திரையில் பச்சை விளக்கு எரியும். உன் கொப்பியில் இருக்கிற பெயர்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அச்சிமுகம்மது மாமாவின் அட்டை வந்தது. அந்தப் படத்தில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோம் ஹெல்ப்பைக் கழற்று என்று எழுதினால் என் விளக்கு அணையும், ஏன் அணைந்தது என்று கேட்பார்கள். அதனால் அது இல்லாத இடமெல்லாம் பார்த்துத் தேடச் சொன்னேன். நீயாகக் கண்டுபிடிப்பாய் என்று ஒரு பக்கம் ஆசை. கண்டுபிடித்தால் என்னை என்ன நினைப்பாய் என்று ஒரு பக்கம் பயம். பயம்தான் வென்றது.

மச்சானின் விண்ணப்பம் வந்த நாள் அவர் படத்தைக் கண்டு அழித்தேன். அவர் மறுபடியும் போட்டார். அப்போது மேலாளர் என் பின்னால் நின்றான். உண்மையை ஒரு வரி எழுதியிருந்தால் மச்சான் வீட்டில் இருந்திருப்பார். அந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது.

வாசலில் அவர் போனைக் கொடுத்துவிட்டு என்னைக் கண்டு சிரித்தார். "மச்சான்" என்று கையை நீட்டினார். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, "முனவ்வறாக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆள் வருகிறான். என்னைப் பொருந்திக்கொள், தங்கச்சி. இதுவரை எழுதிய எல்லாவற்றிலும் இந்த ஒரு சொல்தான் உண்மை.

நிப்றாஸ்


சாய்ந்தமருது
24.06.2024

காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்தை மறுக்க எனக்கு உரிமையில்லை, அதனால் எழுதுகிறேன்.

உம்மா சுகம். மகள் சுகம், வாப்பாவின் ஓட்டோவில் ஏறி இருந்து விளையாடுகிறாள்.

உங்கள் கடிதம் ஹஜ்ஜுப் பெருநாளன்று வந்தது. குர்பான் இறைச்சி பங்கு வைக்க வந்த சனம் வாசலில் நிற்க, குசினிக்குள் இருந்து வாசித்தேன். வாய்விட்டு அழவும் ஏலாது. நீங்கள் உழைத்துக் கட்டிய வீடு என்று இந்தச் சுவரையெல்லாம் தடவித் தடவி வாழ்ந்தவள் நான். இப்போது தொடக் கை கூசுகிறது.

பெருநாள் முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அதில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். எல்லோரும் "எங்க புள்ள பயணம்?" என்று கேட்டார்கள். பயணம் ஒன்றுமில்லை, என் கடையால் உங்கள் விபரமெல்லாம் களவு போனது, பாஸ்வேட்டை மாற்றுங்கள், என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்றேன். சிலர் ஏசினார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டவர்களுக்கு உங்கள் பெயரைச் சொன்னேன். மறைக்கவில்லை.

அச்சிமுகம்மது மாமாவிடம் கடைசியாகப் போனேன். அவர் எல்லாம் கேட்டார். "வேலியே பயிர மேஞ்சா ஆருக்குப் புள்ள சொல்லுற" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பார்சலைக் கொண்டுவந்து வைத்தார். றவூப் அனுப்பியது, முந்தின நாள்தான் வந்ததாம். நிடோ, சென்ட் போத்தல், ஒரு பென் டிரைவ். அவருடைய மருமகள் பாடசாலை அலுவலகத்தில் வேலை. திங்கட்கிழமை கொண்டுபோய்ப் போட இருந்தாளாம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விபரமெல்லாம் அந்தக் கொம்பியூட்டரில் இருக்கிறது, காக்கா.

வீட்டுக்கு வந்தால் எனக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. இவர் அனுப்பியது. மகளுக்குச் சொக்லட், உம்மாவுக்குக் கால் தைலம், ஒரு பென் டிரைவ். கடிதமும் இருந்தது. ஸலாம் இல்லை. நல்ல வேலை, நல்ல சாப்பாடு, பென் டிரைவைக் கடைக் கொம்பியூட்டரில் போடு என்று. எல்லாம் உங்கள் கடிதத்தின் சொற்கள். கடைசி வரியில் மட்டும், 'என்னைப் பொருந்திக்கொள்.'

அந்த வரியைக் கண்டபோதுதான் உங்களுடைய முதல் கடிதத்தில் நீங்களும் இதே பிழையைச் செய்துகொண்டுதான் அந்தச் சொல்லைக் கேட்டீர்கள் என்று விளங்கியது. அன்றைக்கு நான் ஸம்ஸம் தண்ணீர் கேட்டுச் சிரித்தேன்.

இரண்டு பென் டிரைவையும் கிருஷாந்தனோடு போய்ப் பொலிசில் கொடுத்துவிட்டேன். ஊரிலிருந்து அங்கே போன மற்ற ஆட்களின் வீடுகளுக்கும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டுக்கு மட்டும் பிந்திப் போனேன். அவர்கள் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், பச்சை வீடு மூலையில் இருந்தது. கழற்றச் சொன்னேன். "எங்கட மகன் அனுப்பினது" என்று அந்தத் தாய் என்னை வெளியே போகச் சொன்னா. அவவை எனக்கு ஏச வரவில்லை.

நீங்கள் பள்ளிவாசலில் இருந்து எழுதிய கடிதத்தைக் கொப்பி எடுத்து, இவருடைய ஓடரையும் சேர்த்து, கொழும்பு வெளிநாட்டு வேலைப் பணியகத்துக்கும் அங்குள்ள எங்கள் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அதில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. உங்களையும் பிடிப்பார்கள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். என் புருஷன் அங்கே இருக்கிறார், றவூப் இருக்கிறான், நீங்களும் இருக்கிறீர்கள். கதவு திறந்தால் எல்லோருக்கும் திறக்கட்டும்.

காக்கா, பொருந்தினன் என்று இவருக்கு இந்த வாசலில் நின்று சொன்னேன், போய்விட்டார். அந்தச் சொல்லை இனிக் கடிதத்தில் எழுத மாட்டேன். உங்களுக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. இரண்டு பேரும் வந்து, இதே வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

முனவ்வறா